பயிற்சியில் வரும் ஸ்கோர் மேட்சில் வருவதில்லை, பிஸ்டல் சுடுகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

மயூர்விஹார் மணி:

வணக்கம். டெல்லித் தமிழர்களில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் இருக்கிறவர்கள் எத்தனை பேர் இந்தப் பக்கம் வருகிறீர்களோ தெரியாது, இருந்தாலும் கேட்டுப் பார்க்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, நொய்டாவில் கம்ப்யூட்டர் வேலை. பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய ஜோரில் கிளப்புகளில் போய்ச் சேர்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். என் பெண்ணைச் சேர்க்கத்தான் போனேன், அவள் போரடிக்கிறது என்று சீக்கிரமே விட்டுவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். காலையில் கிளப்பில் நிதானமாகச் சுடும்போது 60 குண்டுக்கு (குண்டுக்கு 10 வைத்து 600க்கு) 550 பக்கம் வருகிறது. முதுகில் நம்பர் அட்டையைக் குத்திக்கொண்டு மேட்சில் நின்றால் 520. அதே பிஸ்டல், அதே பெல்லட், அதே கை. முதல் பத்துக் குண்டு சீரிஸில் எப்படியும் ஒரு 7 விழும், அப்புறம் அந்த 7 தலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு நகராது. கோச்சிடம் கேட்டால் பின்னால் நின்று "ஃபோகஸ் கரோ, ஃபோகஸ்" என்கிறார். எதன்மேல் சார் என்று கேட்டால் அர்ஜுனனும் பறவையின் கண்ணும். அந்தக் கதையை இதுவரை மூன்று மொழிகளில் கேட்டாயிற்று. நான் உற்றுப் பார்க்கப் பார்க்கக் கை அதிகமாக ஆடுகிறது, அதுதான் பிரச்சினை.

இன்னொன்று. வெளிநாட்டில் இடுப்பு உறையிலிருந்து பிஸ்டலை எடுத்து ஓடிக்கொண்டே அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுடுகிறார்களே, ஐபிஎஸ்சி என்கிறார்கள், அந்த வீடியோக்களை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை டெல்லியில் செய்ய வழி இருக்கிறதா? அதெல்லாம் செய்தால் கை கெட்டுப்போகும் என்று கிளப்பில் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

வேலூர் சுபேதார்:

தம்பி, நான் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று டெல்லி துவாரகாவில் இருக்கிறேன், பிஸ்டல் சுட்டுத்தான் பாதி சர்வீஸ் போயிற்று. அர்ஜுனன் கதையை முதலில் மூட்டை கட்டி வையுங்கள். வில்லுக்கு அது சரியாக இருக்கலாம், உங்கள் பிஸ்டலுக்கு அது நேர் எதிர். கண்ணால் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அந்தத் தெளிவு முன் சைட்டில், அதாவது குழல் நுனியில் இருக்கும் குறிமுனையில், இருக்க வேண்டும், டார்கெட் மங்கலாக ஒரு கருப்பு உருண்டையாகத் தெரிந்தால் போதும். நீங்கள் "உற்றுப் பார்க்கிறேன்" என்று சொல்வது டார்கெட்டைத்தான் என்று நினைக்கிறேன்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் மனசு நம்பும். உங்கள் பிஸ்டலில் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்குள் 1 மில்லிமீட்டர் ஒரு பக்கம் ஒதுங்கினால், 10 மீட்டரில் குண்டு 28 மில்லிமீட்டர் தள்ளி விழும். வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர்தான், ஆக அது 7. இப்போது இரண்டு சைட்டும் ஒழுங்காக ஒரே வரிசையில் இருக்கட்டும், கை மட்டும் மொத்தமாக 5 மில்லிமீட்டர் ஆடட்டும். குண்டும் 5 மில்லிமீட்டர்தான் தள்ளும், அது இன்னமும் 10தான். அதனால் கை ஆடுவது உங்கள் எதிரி இல்லை. கை எல்லாருக்கும் ஆடும், ஒலிம்பிக்ஸில் நிற்கிறவனுக்கும் ஆடும். ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து, கருப்பு உருண்டை சரியான இடத்துக்கு வந்த நொடியில் "இப்போது!" என்று டிரிகரைப் பிடுங்குகிறோமே, அப்போதுதான் முன் சைட் அந்த 1 மில்லிமீட்டர் ஒதுங்குகிறது. மேட்சில் விழும் அந்த 7 அங்கேதான் பிறக்கிறது.

கவனம் என்றால் என்ன என்று கேட்டீர்கள். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர், குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டர்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். ஒவ்வொரு குண்டுக்கும், "எங்கே போச்சு?" என்பார். "ஒன்பது, ஏழு மணிப் பக்கம்" என்று, புள்ளியையும் கடிகார முள் கணக்கில் திசையையும் சொல்ல வேண்டும், அப்புறம்தான் துண்டை விலக்குவார். டிரிகர் விழும் அந்த நொடியில் முன் சைட் எங்கே இருந்தது என்பதைப் பார்த்திருந்தால்தான் சொல்ல முடியும். பார்க்காதவன் ஊகம் சொல்வான், இரண்டு குண்டில் மாட்டிக்கொள்வான். இதற்கு ஷாட்டைக் கால் பண்ணுவது என்று பெயர், என்னைக் கேட்டால் பிஸ்டலில் கவனம் என்பதே இவ்வளவுதான். நாளைக்குப் போய்ச் செய்து பாருங்கள். உங்களுக்குச் சொல்ல வருகிறதா என்று எனக்கும் தெரிய வேண்டும்.

மயூர்விஹார் மணி:

சுபேதார் சார், மிக்க நன்றி. 28 மில்லிமீட்டர் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன், தூக்கிவாரிப்போட்டது. ஆனால் இதை எப்படிப் பழகுவது? மேட்சில் நிற்கும்போது சைட்டைப் பார்க்க வேண்டும் என்பதே நினைவுக்கு வருவதில்லை, மொத்தம் எவ்வளவு, பக்கத்து லேன் பையன் எவ்வளவு, இதுதான் ஓடுகிறது. எண்ணத்தை நிறுத்தத் தியான வகுப்பு ஏதாவது போகலாமா?

முனிர்கா மீனா:

மணி அண்ணா, நான் டெல்லி யூனிவர்சிட்டியில் படிக்கிறேன், பள்ளியிலிருந்தே ஏர் பிஸ்டல், இப்போது 25 மீட்டரும் சேர்த்து. தியானம் போங்கள், நல்லதுதான், ஆனால் அதனால் ஸ்கோர் ஏறும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். எண்ணத்தை நிறுத்த முயற்சி செய்தால் அந்த முயற்சியே இன்னொரு எண்ணம். அதற்குப் பதில் மனசுக்கு ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும், ஒவ்வொரு குண்டுக்கும் அதே வேலை, அதே வரிசையில். நான் செய்வது: கிரிப் பிடித்து மணிக்கட்டை இறுக்குவது, கையைக் கருப்புக்கு மேலே தூக்கி மூச்சை விட்டுக்கொண்டே மெல்ல இறக்குவது, இறங்கும்போதே டிரிகர் லேசாக நகரும் முதல் கட்டத்தை எடுத்துவிடுவது, அப்புறம் முன் சைட், முன் சைட் மட்டும். விழுந்த பிறகும் ஓரிரு விநாடி அப்படியே நிற்பது. எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டாம், கடைசியில் மனசுக்குள் ஒரு சொல் போதும். என் சொல் "மெல்ல". அது ராசியாகிவிட்டது, மாற்ற மாட்டேன்.

முக்கியமானது, பிடிப்பு சரியாக அமையாவிட்டால் சுடாமலே கையை இறக்குவது. பத்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டே இருந்தால் கண்ணுக்கும் கைக்கும் களைப்பு வந்துவிடும், அப்போது சுடுவது எல்லாம் பிடுங்கல்தான். 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், ஒரு குண்டுக்கு 75 விநாடி, அதற்கு முன்னால் 15 நிமிடம் தயாராகவும் சைட் பார்க்கவும் தனியாக. நேரம் தாராளமாக இருக்கிறது, ஆனாலும் மேட்சில் யாரும் இறக்க மாட்டார்கள், பக்கத்தில் இருக்கிறவர் என்ன நினைப்பாரோ என்று ஒரு வெட்கம். பயிற்சியிலேயே வேண்டுமென்றே பத்துக்கு இரண்டு முறை இறக்கிப் பழகுங்கள், நன்றாகப் பிடித்திருந்தால்கூட இறக்குங்கள். அப்புறம் மேட்சில் வெட்கம் வராது.

வீட்டில் வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரை ஃபயர் செய்யுங்கள், அதாவது குண்டு போடாமல் டிரிகரை மட்டும் இழுப்பது. டார்கெட் ஒட்ட வேண்டாம், வெறும் சுவர். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் கண் தானாகவே சைட்டுக்கு வந்துவிடும், டிரிகர் விழும்போது முன் சைட் துள்ளுகிறதா என்று அப்பட்டமாகத் தெரியும். மேட்ச் ஏர் பிஸ்டல் பெரும்பாலானவற்றில் ட்ரை ஃபயருக்குத் தனி ஏற்பாடு இருக்கும். பெல்லட் டப்பாவை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் பிஸ்டலை வெளியே எடுக்க வேண்டும், வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது. பின்னால் .22 தோட்டா பிஸ்டல் எடுத்தீர்களானால் தோட்டா இல்லாத வெறும் சேம்பரில் டிரிகரை இழுக்காதீர்கள், ஃபயரிங் பின் போய் சேம்பர் விளிம்பில் இடித்துக் கெட்டுப்போகும், போலித் தோட்டா (டம்மி ரவுண்டு) போட்டுச் செய்யுங்கள்.

கால்காஜி கார்த்தி:

நான் சுடுகிற ஆள் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தேன். எங்கள் ஆபீஸில் ஒருவர் மேடையில் பேசப் போகும்முன் பி.பி. மாத்திரை ஒன்று பாதி போட்டுக்கொள்வார், கை நடுக்கம் படபடப்பு எல்லாம் நின்றுவிடுமாம். மேட்சுக்கு அது சரிப்படுமே?

வேலூர் சுபேதார்:

தம்பி கார்த்தி, அந்தப் பேச்சே வேண்டாம். அது பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து. துப்பாக்கி சுடுதலில் மேட்ச் அன்றைக்கு மட்டும் இல்லை, எல்லா நாளும் தடை. 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜாங் சு பிஸ்டலில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கினார், சோதனையில் புரோப்ரனலால் என்கிற அந்த வகை மருந்து சிக்கியது, இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். மணி, உங்களுக்கு உண்மையாகவே பி.பி. இருந்து டாக்டர் அதைக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மேட்சுக்குப் பெயர் கொடுக்கும்முன் டாக்டரிடமும் சங்கத்திலும் பேசுங்கள்.

படபடப்பு வரத்தான் செய்யும். அதோடு சுடத்தான் பழக வேண்டும். மலை மந்திர் முருகன் கோயில் படிக்கட்டில் வேகமாக ஏறிவிட்டு வந்து ட்ரை ஃபயர் செய் என்று என் பையனிடம் சொல்வேன், பக்கத்திலேயே வீடு அவனுக்கு. நெஞ்சு அடிக்கும்போது சைட் எப்படித் துடிக்கிறது என்று முன்பே பார்த்து வைத்திருந்தால் மேட்சில் அதைக் கண்டு மிரள மாட்டோம்.

மணிலா ரிட்டர்ன்:

ஐபிஎஸ்சி கேள்விக்கு நான் வருகிறேன். வேலை நிமித்தமாகப் பிலிப்பைன்ஸில் இருந்தபோது அங்கே விடாமல் சுட்டேன், அந்த ஊரில் அது பெரிய விளையாட்டு. இப்போது டெல்லி சாகேத்தில்.

முதலில் கசப்பான விஷயம். அந்த வீடியோக்களில் பெரும்பாலும் பார்ப்பது 9 எம்எம். இங்கே அந்தத் தோட்டா பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையில் வருகிறது. .22க்கும் .32க்கும் லைசென்ஸ் வாங்கலாம், ஆனால் உறையிலிருந்து எடுப்பதையும் ஓடிக்கொண்டே சுடுவதையும் நம் ரேஞ்சுகளில் சாதாரணமாக அனுமதிக்க மாட்டார்கள், அப்படி அனுமதிக்காததும் சரிதான் என்பேன், அதற்கென்று அமைத்த இடமும் கூடவே நடந்து வரும் ரேஞ்ச் ஆபீசரும் இல்லாமல் அது விபத்து. ஆசை தீர டெல்லியில் கிடைப்பது 25 மீட்டர்தான். ஸ்டாண்டர்டு பிஸ்டல் போட்டியில் ஐந்து குண்டை முதலில் 150 விநாடியில், பிறகு 20, பிறகு 10 விநாடியில் சுட வேண்டும். ரேபிட் ஃபயரில் ஐந்து டார்கெட், ஐந்து குண்டு, 8 விநாடி, 6, கடைசியில் 4. கையை 45 டிகிரிக்குக் கீழே வைத்திருந்து விளக்கு பச்சையானதும் தூக்க வேண்டும். லண்டன் 2012இல் விஜய் குமார் வெள்ளி வாங்கியது இதில்தான். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் மேட்ச் நடக்கும்போது போய்ப் பாருங்கள், 4 விநாடி சீரிஸைப் பார்த்த பிறகு இது மெதுவான விளையாட்டு என்று சொல்ல மாட்டீர்கள்.

கை கெட்டுப்போகும் என்பது பாதி உண்மை. வேகத்தை மட்டும் பழகினால் கெடும். ஆனால் ஐபிஎஸ்சியின் கணக்கே வேகத்தையும் துல்லியத்தையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வைக்கிறது, புள்ளியை நேரத்தால் வகுப்பார்கள். ஆறு அட்டை, அட்டைக்கு இரண்டு குண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டும் அட்டையின் நடுவிலுள்ள ஏ பகுதியில் விழுந்தால், குண்டுக்கு 5 வைத்து 60 புள்ளி, 8 விநாடி ஆனால் 7.5. இன்னொருவர் 7 விநாடியில் முடிக்கிறார், இரண்டு குண்டு மட்டும் ஏ-க்கு வெளியே உள்ள சி-யில். சக்தி குறைந்த தோட்டாவுக்கான மைனர் கணக்கில் சி-க்கு 3, ஆக 56, வகுத்தால் 8. அவர்தான் மேலே. மூன்றாமவரும் 7 விநாடி, ஆனால் ஒரு குண்டு அட்டையிலேயே படவில்லை. அந்த 5 போச்சு, மேலே 10 அபராதம், கையில் 45, வகுத்தால் 6.4. ஒரே ஒரு குண்டு.

இதில் மனசு எங்கே வருகிறது என்றால், ஸ்டேஜை, அதாவது அட்டைகள் வைத்த களத்தை, சுற்றிப் பார்க்கச் சில நிமிடம் கொடுப்பார்கள், அப்போது பாருங்கள், ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு, வெறும் கையை நீட்டி, முணுமுணுத்துக்கொண்டு நடப்பார்கள், தெரியாதவர்கள் பார்த்தால் சாமி வந்தவர்கள் என்று நினைப்பார்கள். எங்கே நிற்பது, எந்த அட்டை முதலில், தோட்டா மேகசினை எங்கே மாற்றுவது, எல்லா முடிவையும் அங்கேயே எடுத்துவிடுவார்கள். பீப் அடித்த பிறகு முடிவு எடுக்க எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, பார்ப்பது ஒன்றுதான் மிச்சம் இருக்க வேண்டும். சுபேதார் சார் சொன்ன கால் பண்ணுவதும் இங்கே அப்படியே பொருந்தும். விநாடிக்கு நாலு குண்டு போகும்போதுகூட சைட் எங்கிருந்து துள்ளியது என்று தெரிந்தால், அது சி-யா வெளியேவா என்று அட்டையைப் பார்க்காமலே புரிந்துவிடும், உடனே இன்னொன்று சுட்டுவிட்டு நகரலாம். தெரியாதவன் நின்று அட்டையில் ஓட்டையைத் தேடுவான், நேரம் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் சுபேதார் சாரோடு வழக்கு. டிரிகர் விழும் நேரம் நமக்கே தெரியாமல் விழ வேண்டும் என்று பழைய பள்ளியில் சொல்வார்கள், அவரும் அந்தப் பக்கம் என்று தோன்றுகிறது. தொடக்கத்தில் சரி. 4 விநாடியில் ஐந்து குண்டு சுடுகிறவன் அதற்குக் காத்திருக்க முடியுமா? நானாகத்தான் அழுத்த வேண்டும், அழுத்தும்போது சைட் அசையக் கூடாது, அவ்வளவுதான்.

அர்ஜுனன் பாவம், அவரையும் முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். ரெட் டாட், அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட், வைத்த பிஸ்டலில் டார்கெட்டைத்தான் பார்க்க வேண்டும், புள்ளி தானாக அதன்மேல் மிதக்கும். அவர் பிறந்தது தப்பான காலத்தில், ஐபிஎஸ்சியில் ரெட் டாட் பிஸ்டலுக்கென்று இருக்கும் புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ் டிவிஷனில் நின்றிருந்தால் கலக்கியிருப்பார்.

வேலூர் சுபேதார்:

மணிலா தம்பி, வழக்கே இல்லை. 4 விநாடியில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மணி இன்னும் 7 சுடுகிற நிலையில் இருக்கிறார், அவரிடம் நீயாக அழுத்து என்றால் பிடுங்கத்தான் செய்வார். முதலில் அவருக்குத் தெரியாமல் விழட்டும். பிறகு தெரிந்து விழட்டும்.

மனசு பற்றி ஒன்று மட்டும். ஏதென்ஸ் 2004இல் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ், ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி, கடைசிக் குண்டுக்கு முன்னால் முதலிடம். சுமாராகச் சுட்டாலே தங்கம். பக்கத்து லேன் டார்கெட்டில் சுட்டுவிட்டார், பூஜ்யம், எட்டாம் இடம். படபடப்பை அடக்க வேண்டும் என்ற கவனத்தில், லேன் எண்ணைப் பார்க்கும் அன்றாட வேலை விட்டுப்போயிற்று. மீனா சொன்ன வரிசையில் லேன் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மயூர்விஹார் மணி:

இன்று காலை துண்டுக்குப் பதில் தொப்பியை மானிட்டர்மேல் மாட்டிவிட்டுச் சுட்டேன். பாதிக்கு மேல் எங்கே போனது என்று சொல்லவே வரவில்லை, முன் சைட் தெளிவாகவே தெரியவில்லை என்பதுதான் காரணம். உற்றுப் பார்த்தாலும் விளிம்பு இரண்டாகத் தெரிகிறது, தலையைக் கொஞ்சம் தூக்கினால் தெளிகிறது, ஆனால் டார்கெட் காணாமல் போகிறது. நவம்பர் புகையில் கண் எரிச்சலோ என்று பார்த்தேன், ரேஞ்சுக்குள் அவ்வளவு இல்லை.

முனிர்கா மீனா:

அண்ணா, நீங்கள் கண்ணாடி போடுகிறவரா? என்ன கண்ணாடி?

மயூர்விஹார் மணி:

ஆமாம், போன வருஷம் முதல் புரோகிரஸிவ்.

முனிர்கா மீனா:

போச்சு. இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். புரோகிரஸிவ் கண்ணாடியில் மேலே தூரத்துக்கு ஒரு நம்பர், கீழே வர வர கிட்டத்துக்கு இன்னொரு நம்பர். தலை கொஞ்சம் நிமிர்ந்தாலும் குனிந்தாலும் நீங்கள் பார்க்கும் நம்பரே மாறிவிடும். கிளப்பில் நிதானமாக நிற்கும்போது தலை ஒரே இடத்தில் இருக்கும், மேட்சில் உடம்பு விறைத்துத் தலை வேறெங்கோ போயிருக்கும். 520 முழுக்க மனசால் வந்தது இல்லை, கொஞ்சம் கண்ணாடியும்தான்.

சுடுவதற்கென்று ஒரே நம்பர் கண்ணாடி தனியாகப் போடுங்கள். தூரத்து நம்பரோடு 0.50 அல்லது 0.75 கூட்டிப் போடுவது வழக்கம், முன் சைட் தெளிவாகவும் டார்கெட் வேண்டிய அளவு மங்கலாகவும் இருக்கும். கடைக்குப் போகும்முன் கையை நீட்டிப் பிஸ்டல் பிடித்த நிலையில் கண்ணிலிருந்து முன் சைட் வரை எவ்வளவு தூரம் என்று யாரையாவது டேப்பால் அளக்கச் சொல்லி எழுதிக்கொண்டு போங்கள், துப்பாக்கி என்று சொன்னால் கடைக்காரர் மிரண்டுவிடுவார், அளவைச் சொன்னால் போதும். சுடும் ஆட்களுக்கென்று விற்கும் விலையுயர்ந்த பிரேம் இப்போதைக்கு வேண்டாம். பாரிஸில் துருக்கியின் யூசுப் டிகெச் 51 வயதில் சாதாரணக் கண்ணாடியோடு வந்து நின்று கலப்பு அணியில் வெள்ளி வாங்கிக்கொண்டு போனார்.

மணிலா ரிட்டர்ன்:

டேப்பைப் பிடிக்க உங்கள் பெண்ணைக் கூப்பிடுங்கள் மணி, மூடிய பெட்டியிலிருந்து பிஸ்டலை வெளியே எடுக்கவே வேண்டாம், அதே நீளத்துக்கு ஒரு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு அளந்தால் போதும். லாஜ்பத் நகரில் ஒரு கடையில் லென்ஸ் ஒன்றிரண்டு நாளில் கொடுத்துவிடுகிறார்கள், தனிச்செய்தியில் இடம் சொல்கிறேன்.